தடுத்தது செக்யூரிட்டி, தடுக்கச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடையையும் தோற்றத்தையும் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் பற்றி உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். நம் பெங்களூருவில் நடந்த இரண்டு சம்பவங்கள் அதில் தவறாமல் வந்துவிடுகின்றன. 2024 பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், தலையில் துணி மூட்டையும் அழுக்குச் சட்டையுமாக வந்த ஒரு விவசாயியை, கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை. சக பயணி ஒருவர் வாதாடிய பிறகுதான் அவரால் போக முடிந்தது. அதே வருஷம் ஜூலையில், மாகடி சாலை மால் ஒன்றுக்கு மகனோடு சினிமா பார்க்க வந்த பெரியவரை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். இரண்டிலும் எல்லோருடைய கோபமும் செக்யூரிட்டி மேல்தான். யூனிஃபார்ம் போட்டதும் தலைகால் புரியாமல் ஆடுகிறார்களாம்.

நான் அல்சூரில் உள்ள எம்.இ.ஜி. என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சர்வீஸ் முடித்துவிட்டு, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அலுவலக வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷிஃப்ட் மாறும்போது எங்களுக்கு வரும் உத்தரவு ஒரே வரிதான்: "ஆளைப் பார்த்து விடுங்க." எந்த ஆளை, எதைப் பார்த்து என்று மேனேஜர் சொல்ல மாட்டார். எழுதிக் கொடுங்கள் என்றால் தரவும் மாட்டார். ஆனால் ஹவாய் செருப்போடு ஒருவர் உள்ளே போய் லாபி சோபாவில் உட்கார்ந்துவிட்டால் போதும், "இந்த ஆளை யார் விட்டது?" என்று வாக்கிடாக்கி அலறும். இரண்டு தடவை அப்படி அலறினால், அந்தப் பையன் அடுத்த வாரம் வேறு சைட்டில் இருப்பான். அவனுக்குப் பதில் வருகிறவன் தானாகவே கண்ணால் சலித்தெடுக்கப் பழகிக்கொள்கிறான். லேப்டாப் பையும் கழுத்தில் நாடாவும் இருந்தால் சல்யூட். நாடாவில் தொங்குவது எந்தக் கம்பெனி கார்டு என்றுகூடப் பார்ப்பதில்லை. தோளில் துண்டு இருந்தால், எங்கே போகணும், யாரைப் பார்க்கணும், அவங்க போன் நம்பர் என்ன என்று விசாரணை. அங்கேயே வேலை பார்க்கும் மகளுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த அப்பாவை, மகள் இறங்கி வரும்வரை வெயிலில் நிறுத்துவது தினமும் நடக்கிறது.

பாதுகாப்புக்காகத்தானே என்பார்கள். ராணுவத்தில் இருந்தவன் சொல்கிறேன், பாதுகாப்பு என்று பார்த்தாலும் இது உருப்படாத வேலை. திருட வருகிறவன் கிழிந்த சட்டையில் வந்து மாட்டிக்கொள்ள மாட்டான். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவான்.

சட்டம் இதைச் சொல்லவும் இல்லை. எங்கள் தொழிலுக்கு 2005இல் தனிச் சட்டம் வந்தது. மறுவருஷம் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளில், புதிதாகச் சேருகிறவருக்கு 100 மணி நேரம் வகுப்பும் 60 மணி நேரம் களப்பயிற்சியும் உண்டு. அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, தீயணைப்பு, முதலுதவி எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. துணியைப் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கும் பாடம் கிடையாது. அந்தப் பயிற்சியை முழுசாக முடித்து கேட்டுக்கு வந்த பையனை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன் என்பது வேறு கதை.

வெளியே தெரியாத இன்னொரு சங்கதி. தோற்றத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பது முதலில் எங்கள் பையன்களிடம்தான் நடக்கிறது. அந்த விதிகள் ஆண் காவலருக்குக் கேட்பது 160 செ.மீ. உயரம், நல்ல கண்பார்வை இந்த மாதிரிதான். கட்டடக்காரர்கள் கேட்பது, "மெயின் கேட்டுக்குப் பளிச்சுன்னு ஒரு பையனா போடுங்க." கறுத்தவன், ஒடிசலானவன், வயதானவன் எல்லோரும் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும் போவார்கள். தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். கன்னடம், இந்தி இரண்டும் சரளம். ரிஜிஸ்டரில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கன்னத்தில் சின்ன வயதில் பட்ட தீக்காயத் தழும்பு. "விசிட்டருக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று சொல்லி அவனைப் பின்கேட்டில் போட்டு, குப்பை வண்டி நம்பர் எழுத வைத்திருக்கிறார்கள். டியூட்டி முடிந்து லுங்கியோடு டிபன் பாக்ஸ் எடுக்க மெயின் கேட் பக்கம் வந்தால், புதிதாகச் சேர்ந்தவன் அவனையே நிறுத்துகிறான்.

தமிழ்நாட்டில் 2014இல், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் போகலாம். மாநில எல்லையான அத்திப்பள்ளி தாண்டினால் அது செல்லாது என்பதால், இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் வேட்டிக்கு வக்காலத்து வாங்க எப்போதும் ஆள் உண்டு. தேவகௌடா பிரதமராக இருந்தபோதும் அதைத்தான் கட்டினார். சித்தராமையாவை வேறு உடையில் பார்ப்பதே அபூர்வம். பண்பாடு என்று சொல்லிவிட்டால் எல்லாக் கட்சியும் எழுந்து நிற்கும். மெட்ரோவில் நிறுத்தப்பட்டவரிடம் வேட்டியா பிரச்சினை? அழுக்குதான். அழுக்குச் சட்டையைப் பண்பாடு என்று சொல்ல எந்தக் கட்சி வரும்?

கடை, ஓட்டல், பொழுதுபோக்கு இடங்களில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15(2) சொல்கிறது. அதனால் யாரும் வாசலில் சாதி கேட்பதில்லை. சட்டையைப் பார்த்தால் போதும். கேட்டால் 'டிரஸ் கோட்'. இந்த ஊரில் யாருடைய சட்டை தினமும் அழுக்காகிறது, சாக்கடையிலும் சிமென்ட்டிலும் நிற்கிறவர்கள் யார் என்று யோசித்தால், இரண்டுக்கும் அதிக தூரமில்லை என்று தெரியும்.

மெட்ரோ சம்பவத்தில் சூப்பர்வைசரை வேலையை விட்டே எடுத்தார்கள். மால் மன்னிப்புக் கேட்டது. ஏழு நாள் மூடப்படும் என்று அரசு அறிவித்தது. டிக்கெட் இருப்பவரைத் தடுத்தது தப்புதான், அந்த சூப்பர்வைசருக்காக நான் பேச வரவில்லை. அவர் ஒருவரோடு கணக்கை முடித்துக்கொண்டதுதான் உறுத்துகிறது.

ஒரு யோசனை. எங்கள் ரிஜிஸ்டரில் உள்ளே வந்தவரின் பெயர், நேரம், கையெழுத்து எல்லாம் இருக்கும். திருப்பி அனுப்பியவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. மெட்ரோவோ மாலோ ஆஸ்பத்திரியோ, ஒருவரைத் தடுத்தால் என்ன காரணம், யார் உத்தரவு என்று எழுதி, அவர் கேட்டால் நகல் தர வேண்டும் என்று லைசென்ஸ் விதியிலேயே சேர்க்கலாம். 'சட்டை அழுக்காக இருந்தது' என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட, எங்கள் மேனேஜர் உட்பட யாரும் முன்வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வீரர்,
மர்பி டவுன், பெங்களூரு.
(இப்போதும் வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)