சாஃப்ட்வேர் பட்டியலைப் பார்த்துச் சேராதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் வழிகாட்டிப் பகுதியில் அனிமேஷன் படிப்பைப் பற்றி வந்ததைப் படித்தேன். எந்தக் கல்லூரியில் என்னென்ன சாஃப்ட்வேர் கற்றுத்தருகிறார்கள் என்று பட்டியலே போட்டிருந்தீர்கள். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்தப் பட்டியலைப் பார்த்துச் சேரப்போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். மூன்று வருடமும் மாயா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்று எந்த பட்டனை எப்போது அமுக்குவது என்பதே படிப்பாக இருந்தது. முதல் இன்டர்வியூவில் என் ஷோரீலை, அதாவது நான் செய்த வேலைகளைத் தொகுத்த வீடியோவைப் பார்த்தவர், மூட்டை தூக்கும் ஆளை நாலைந்து படமாக வரைந்து காட்டச் சொன்னார். எடை எந்தக் காலில் விழும், முதுகு எப்போது வளையும், எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் பல நாள் விடியற்காலையில் கோயம்பேடு மார்க்கெட்டுக்கு நோட்டோடு போய், மூட்டை தூக்கும் அண்ணன்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் கற்றுக்கொண்டேன். தூக்குவதற்கு முன் உடம்பு ஒரு கணம் கீழே இறங்கும், அந்த இறக்கம் இல்லாவிட்டால் மூட்டைக்குள் வெறும் பஞ்சு இருப்பதுபோல ஆகிவிடும். நொடிக்கு 24 பிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களில், அந்த இறக்கத்துக்கு எத்தனை கொடுப்பது என்று தீர்மானிப்பதுதான் அனிமேட்டரின் வேலை.

சாஃப்ட்வேரை வீட்டிலேயே பழகலாம். பிளெண்டர் இலவசம், 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதில்தான் உருவானது.

இன்னொன்று, சேர்ந்ததும் கதாபாத்திரத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இங்கே வி.எஃப்.எக்ஸ். (சினிமாவில் கம்ப்யூட்டரில் செய்யும் காட்சி வித்தைகள்) பக்கம் போகும் புதியவர்கள் பலருக்கும் முதலில் கிடைப்பது ரோட்டோ, அதாவது நடிகரைச் சுற்றி பிரேம் பிரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுப்பது. மரியாதையான வேலைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஃபீஸ் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டாமா?

பெற்றோர் கல்லூரியைப் பார்க்கப் போனால், கம்ப்யூட்டர் லேபைவிட, கடைசி வருட மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். ஆளை எதிரில் நிறுத்தி வரையும் வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பே இருக்கிறது, சொன்னால் பல வீடுகளில் ஆச்சரியப்படுகிறார்கள். அடுத்த முறை பட்டியல் போடும்போது ஆளைப் பார்த்து வரையும் வகுப்பின் நேரத்தையும் ஒவ்வொரு கல்லூரியிடமும் கேட்டுப் போடுங்கள் சார்.

இப்படிக்கு,
ஒரு அனிமேட்டர்,
சென்னை