வட்டுக்கோட்டைப் பிள்ளைகளின் பெயரேட்டுக்கு உங்கள் பங்கு

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகளுக்கும்,

போன ஆவணியில் மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் பழைய றங்குப்பெட்டி ஒன்றைத் திறந்தோம். மேலே கூறைச்சேலை, அதன் கீழே காணி உறுதிகள், எல்லாவற்றுக்கும் அடியில் கறுத்த மட்டை போட்ட வேதாகமம். அதற்குள் நாலாக மடித்த ஒரு கடுதாசி. வீட்டு அம்மா அதை மெல்லத் தூக்கினார். விரல் பட்டதுமே மடிப்போரம் விட்டு, ஒரு துண்டு அவருடைய மடியில் விழுந்தது. கையெழுத்து இருந்த இடத்தை இராமபாணம் தின்றிருந்தது. மிச்சமாய் நின்றது 'பிள்ளை' மட்டும். “எங்கட பூட்டனுக்கு ஒரு இங்கிலீசுப் பேரும் இருந்ததாம் தம்பி. என்ன பேரெண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கேக்காமல் விட்டிட்டன்” என்றார்.

அந்தப் பெயரைத் தேடித்தான் உங்களிடம் வருகிறோம். நாங்கள் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி நிர்வாகத்தின் சார்பில் எழுதவில்லை. வட்டுக்கோட்டையில் படித்தவர்களும் படித்தவர்களின் வழிவந்தவர்களுமாகச் சேர்ந்த ஒரு சிறு குழு நாங்கள். 1823 முதல் அங்கு விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான பெயரேடு தொகுக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பறங்கியர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய கோயில் வளவுகளில் குடியேறினார்கள். 1823இல் டானியல் பூவர் ஐயர் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். உண்மையில் அவர்கள் கேட்டது ஒரு கல்லூரி. தமிழ்ப் பிள்ளைகளுக்கான கல்லூரித் திட்டம் ஒன்றை அச்சிட்டு, அதற்குப் பணம் தரும்படி இங்கும் அமெரிக்காவிலும் கேட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு அது மூத்த அண்ணன் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நீதியரசர் சேர் ரிச்சர்ட் ஒட்லி ஆதரவு தந்தார். அவர் பெயரில் ஒட்லி மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது.

பணம் தந்த எல்லோருக்கும் மண்டபம் கட்ட முடியாது. அதனால் அவர்களுடைய பெயர்கள் பிள்ளைகளுக்குப் போயின. அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், தாங்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனது அப்படித்தான். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார், விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாக இருந்த இருவருமே செமினரிப் பிள்ளைகள்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹென்றி மார்ட்டின் என்று இன்று தேடிப் பாருங்கள். பாரசீகம் வரை போன ஆங்கில மிஷனரிதான் முதலில் வருவார். வில்லியம் நெவின்ஸ் என்றால் பால்ற்றிமோர்ப் போதகர். தமிழில் தர்க்க நூல் எழுதிய எங்கள் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார். மிஷன் பதிவுகளில் இங்கிலீசுப் பெயர், ஊரில் தமிழ்ப் பெயர். இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் குடும்பத்தின் மூத்தவர்கள் மட்டுமே. அவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய பெயர்கள் தப்பிவிட்டன. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஒடியும் ஏடுகளைப் பார்த்து எவ்வளவு மனம் நொந்தார் என்பதை அதன் பதிப்புரை காட்டும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்து, எத்தனையோ புலவர்களின் பெயர் அழியாமல் காத்தார். ஆனால் அவர்களோடு ஒரே விடுதியில் படுத்து, ஒரே மணிக்கு எழும்பி, யூக்கிளிட்டின் கேத்திரகணிதமும் வானசாஸ்திரமும் படித்த மற்றவர்கள் யார்? ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாத்திமார் ஆனவர்கள், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் ஆனவர்கள், சபைகளுக்குப் போதகர் ஆனவர்கள், மறுபடி சைவத்துக்குத் திரும்பியவர்கள். எல்லோரும் இந்த ஏட்டில் வரவேண்டும். சமயம் பார்த்து ஒருவரையும் விடமாட்டோம். செமினரிப் பிள்ளைகள் பலர் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையில் படித்தவர்களை மணம் முடித்தார்கள். ஆகவே அந்தத் தாய்மாரின் பெயர்களையும் தெரிந்த அளவுக்குச் சேர்ப்போம்.

1855இல் மிஷன் செமினரியை மூடியது. படிப்பு இங்கிலீசு உத்தியோகத்துக்குத்தான் உதவுகிறது, சுவிசேஷ வேலைக்கு அல்ல என்பது அவர்கள் கண்ட குறை. பழைய மாணவர்கள் அதோடு அடங்கிப் போகவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வேண்டும் என்று கூடிப் பேசினார்கள், கேட்டார்கள், தங்கள் கைப்பணமும் போட்டார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது, ஹேஸ்டிங்ஸ் ஐயர் முதல் அதிபரானார். ஆக, இந்தப் பள்ளிக்கூடம் இரண்டாம் முறை பிறந்ததே பழைய மாணவர்கள் விடாப்பிடியாய் நின்றதால்தான்.

எங்கள் குழுவில் விடுதியில் இருந்தவர்களிடம் ஒரு குழுப்படம் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலால் 'நிற்போர், இடமிருந்து வலம்' என்று எழுதியிருக்கிறது. முதல் மூவரின் பெயர் தெளிவு. நாலாம் பெயரின் மேல் ஈரம் பட்டிருக்கிறது. அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1995 ஐப்பசியில் போரால் வலிகாமம் பகுதியே இரவோடிரவாய் வெளிக்கிட்டபோது எடுக்க முடிந்தது உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும்தான். சுவரில் தொங்கிய படங்கள் சுவரிலேயே நின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் என்ன போனது என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தப்பியது வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

செய்யப்போகும் வேலை இது. பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர்கள் எட்டு மாதம் வீடு வீடாகப் போவார்கள். கடிதம், சான்றிதழ், படம், குடும்ப வேதாகமத்தில் எழுதிய பிறப்பு இறப்புக் குறிப்பு எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே வைத்துப் படமெடுப்பார்கள். ஒரு தாளும் வீட்டை விட்டு வெளியே போகாது. ஒருவருக்கு மாதம் 60,000 ரூபாய் வீதம் இருவருக்கும் 9,60,000 ரூபாய். கமரா, தாங்கி, விளக்கு, சேமிப்புக் கருவிகளுக்கு 4,50,000. 600 பிரதி அச்சிட 6,00,000. போக்குவரத்துக்கு 1,50,000. மொத்தம் 21,60,000 ரூபாய். குழுவில் உள்ளவர்கள் 5,00,000 போட்டுவிட்டோம். மிச்சம் 16,60,000 ரூபாய் உங்களிடம் கேட்கிறோம்.

தொகை சிறிதா பெரிதா என்று யோசிக்க வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை எல்லோருக்கும் அனுப்புவோம். நன்கொடையாளர் பெயர்கள் அகரவரிசையில் அச்சாகும், தொகை அச்சாகாது. உங்கள் பெயருக்குப் பதிலாகப் படித்த தாத்தாவின் பெயரையோ விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த கூட்டாளியின் பெயரையோ போடச் சொன்னாலும் போடுவோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் உறவினர் வழியாகக் கொடுக்கலாம். கணக்கு விவரத்தை, இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்ப்பித்த குழு உறுப்பினரே நேரில் தருவார். வேறு யார் கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் படப்பிரதிகளின் ஒரு தொகுதியை யாழ்ப்பாணக் கல்லூரியின் டானியல் பூவர் நூலகத்துக்குக் கையளிக்க விரும்புகிறோம்.

பணம் இல்லாதவர்களிடம் பெட்டி இருக்கலாம். அதுவும் எங்களுக்கு நன்கொடைதான். தயவுசெய்து திறக்குமுன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க வேண்டாம், கிழிசலுக்கு ரேப் ஒட்ட வேண்டாம், லமினேற் பண்ண வேண்டாம், வெயிலில் காயவிட வேண்டாம். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் இருந்து, அவருடைய தகப்பன், தாத்தா, பூட்டன் பெயர்களைக் கேட்டு, இங்கிலீசுப் பெயரும் தமிழ்ப் பெயருமாக எழுதி வையுங்கள்.

அன்புடன்,
பெயரேட்டுக் குழுவினர்