ஜாஃபிஷ் ஓடர் பற்றின புகார் – மணல், மூடி, மருந்து

வணக்கம்,

நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். மாசி மாசம் உங்கட கடையில 90 லீட்டர் கடல் மீன் தொட்டி செட் ஒண்டும் மஞ்சள் தலை ஜாஃபிஷ் எண்ட சின்னக் கடல் மீன் ஒண்டும் எடுத்தனான். மூண்டு தரம் போன்ல கதைச்சாச்சு, "செத்த மீனுக்கு காசு திருப்பித் தாறேல்ல" எண்ட ஒரே பதில்தான் வருது, அதால எழுத்தில தாறன்.

மீன் வந்து சேர்ந்ததில ஒரு குறையும் இல்ல, அத ஒத்துக்கொள்ளோணும். கொழும்பில இருந்து ராத்திரி பஸ்ஸில இவ்வளவு தூரம் வந்தும் பையில ஒக்சிசன் நல்லா இருந்தது, மீனும் சுறுசுறுப்பா இருந்தது. பிழை எல்லாம் அதுக்குப் பிறகு.

செட்டோட வந்த தாளில மணல் 1 அங்குலம் காணும் எண்டு போட்டிருக்குது, நீங்க தந்த ஒரு பை மணலும் சீனி மாதிரி பொடி மணல். ஜாஃபிஷ் வளை தோண்டுற மீன் எண்டு அந்தத் தாளில ஒரு வரி கூட இல்ல. கரீபியன் கடல்ல அது வாயால மண்ண அள்ளி அள்ளித் துப்பித்தான் பொந்து தோண்டுறது, சுவர் இடியாம சிப்பித்துண்டும் குறுணிக்கல்லும் பொறுக்கி அடுக்கும், ராத்திரி வாசல ஒரு கல்லால மூடிப்போட்டு உள்ள படுக்கும். 10 சென்ரிமீற்றர் வளருற மீன் ஒரு அங்குல பொடி மணல்ல என்னத்தத் தோண்டும்? தோண்டத் தோண்ட சரிஞ்சு விழுந்தது. போதாக்குறைக்கு நீங்க இனாமா அனுப்பின டாம்சல் மீன் ரெண்டும் அதக் கலைச்சுக் கலைச்சுக் கொத்த, பாவம் அது பம்புக்குப் பின்னால போய் ஒட்டிக்கொண்டு நிண்டது, நிறமும் வெளிறிப் போச்சு, ரெண்டு நாளா ஒண்டும் சாப்பிடேல்ல, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தொட்டிக்கு முன்னால குந்தியிருந்ததுதான் மிச்சம்.

உங்கட ஆளுக்கு கோல் எடுத்து, மீன் வாயில மண் வச்சுத் துப்புது, என்ன செய்யிறது எண்டு கேட்டனான். அவர் அது தொண்டை வருத்தமாம் எண்டு சொல்லி 3,200 ரூபாக்கு செம்பு மருந்து ஒண்ட அடுத்த பஸ்ஸிலயே ஏத்தி விட்டார். வாயில மண் அள்ளுறது வருத்தம் இல்ல, அதுட தொழிலே அதுதான், ஜாஃபிஷ் விக்கிறவருக்கு இது தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்? நல்ல காலம், நிலாவெளியில டைவிங் செய்யிற தெரிஞ்ச அண்ணா ஒராள் தொட்டியில ஊத்தாத, செம்பு பட்டா இறாலும் நத்தையும் செத்துப்போம் எண்டு மறிச்சவர். போத்தல் இன்னும் உடைக்கேல்ல.

மூண்டாம் நாள் ராத்திரி மீன் பாய்ஞ்சிட்டு. உங்கட மூடியில பின்பக்கம் பைப் வாறதுக்கு ரெண்டு விரல் அகலத்தில வெட்டு விட்டிருக்குது, ஒளிக்க இடம் இல்லாத ஜாஃபிஷ் பயந்தா மேல பாயும், அதுக்கு அந்த இடைவெளியே தாராளம். விடிய எழும்பின அம்மா நிலத்தில கிடந்தத காய்ஞ்ச நெத்தலி எண்டு நினைச்சு தும்புத்தடியால கூட்டப் போயிருக்கிறா. 18,500 ரூபா நெத்தலி!

அதுக்கு உங்கட பதில், திருகோணமலைக்காரர் கடல் தண்ணி அள்ளி ஊத்திறவங்க, அதான் செத்தது எண்டு. கடல் வீட்டில இருந்து கூப்பிடு தூரம்தான், ஆனா நான் ஊத்தினது உங்களிட்டயே வாங்கின உப்ப ஆர்ஓ மெசின்ல வடிச்ச தண்ணியில கலக்கினது, உப்புத்தண்ணிட அடர்த்தி 1.025, பில்லும் படமும் இதோட இருக்குது.

மகள் அழுத அழுகையில பங்குனியில ரெண்டாவது மீனையும் உங்களிட்டத்தான் வாங்கினன், வேற இடத்தில கிடைக்கேல்ல. இந்த முறை உங்கட தாளத் தூக்கி எறிஞ்சிட்டு, மீன் தோண்டேக்க சரியாத மாதிரி பெரிய கல்லுகள முதல்ல கண்ணாடி அடியிலயே இருத்தி, ஒரு மூலையில 5 அங்குல மேடு போட்டு, பொடி மணலோட குறுணிக்கல்லும் மட்டி ஓடும் கலந்தன். புறாத்தீவுப் பக்கம் முருகைக்கல் பொறுக்க ஏலாது, அது 2003ல இருந்து தேசியப் பூங்கா, அதால வீட்டில மட்டிக்கறி வச்ச ஓடுகள அவிச்சு, தேய்ச்சு, நொறுக்கி எடுத்தது. வளைஞ்ச பிவிசி துண்டு ஒண்ட சரிவாப் புதைச்சு விட்டன். டாம்சல் ரெண்டும் கூட்டாளிட தொட்டிக்குப் போச்சு, மூடிக்கு மேல நுளம்பு வலை அடிச்ச சட்டம், முதல் நாள் முழுக்க லைட் இல்ல. மூண்டாம் நாள் தலை மட்டும் வெளிய தெரிஞ்சது, சிரிஞ்சால மைசிஸ் இறால பொந்து வாசலுக்குக் கிட்ட மெதுவா விட்டா வந்து கவ்விக்கொண்டு உள்ள ஓடிடும். இப்ப ஒரு மாசம். பிவிசி துண்ட விட்டுட்டு தானே வேற வளை தோண்டி மட்டி ஓட்டால வாசல் கட்டியிருக்குது.

நான் கேக்கிறது முதல் மீன்ட 18,500 ரூபாவும் மருந்துக்கு எடுத்த 3,200 ரூபாவும். மருந்துப் போத்தல நான் பஸ்ஸில திருப்பி அனுப்புவன், பஸ் கூலி உங்கட கணக்கு. அதோட அந்தத் தாளில மணல் அளவயும், மூடியில இருக்கிற வெட்டையும் திருத்தோணும், ரெண்டாவது மீனோடயும் அதே தாள்தான் வந்தது. ரெண்டு கிழமைக்குள்ள பதில் வராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில கோல் எடுத்துச் சொல்லுவன்.

நான் வேலையால வர பின்னேரம் 5 மணி ஆகும், அதுக்குப் பிறகு கோல் எடுங்க. தொண்டை வருத்தம் சொன்னவரிட்ட மட்டும் குடுக்காதேங்க.

நன்றி.