அங்ரோஞ்ஞா வரலாற்று நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இத்தாலியின் வடமேற்கே, தூரின் நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குள் ஏறும் வழியில் அங்ரோஞ்ஞா என்றொரு சின்ன ஊர் உண்டு. மேய்ச்சல் நிலமும் கல் பாவிய கூரைகளும்தான் கண்ணில் படும். அதன் வரலாற்றைத் தமிழில் ஒரு சிறு நூலாகக் கொண்டுவர எங்கள் குழு முனைந்துள்ளது. எழுத்து வேலை முடிந்து மெய்ப்புப் பார்த்தாயிற்று. அச்சுக்கூலிக்குத்தான் உங்களை நாடுகிறோம்.

எங்கோ கிடக்கும் ஊருக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். பொதுக்காரியத்துக்குக் கைக்காசு போட்டே வரலாற்றில் இடம்பிடித்த ஊர் அது. அங்கே வாழ்ந்த வால்டென்சியர், ரோமத் திருச்சபை மதவிரோதிகள் என்று ஒதுக்கிய கிறிஸ்தவர்கள். ‘பார்பா’ எனப்பட்ட அவர்களுடைய போதகர்கள், மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாகச் சோடி சேர்ந்து, வியாபாரி வேடத்தில் ஊர் ஊராய்ப் போவார்கள். 1532 செப்டம்பரில் அங்ரோஞ்ஞாவின் ஷான்ஃபொரான் என்ற இடத்தில் கூடிய சபையார், ரோமத் திருச்சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்த இயக்கத்தோடு சேர முடிவெடுத்தார்கள். விவிலியத்தைப் பிரெஞ்சில் அச்சிடவும் அந்தச் சமூகமே பணம் திரட்டியது. ஒலிவெத்தான் மொழிபெயர்த்த அந்த விவிலியம் 1535இல் சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் அருகே அச்சேறியது. மலையில் ஆடு மாடு மேய்த்தவர்கள் போட்ட காசும் அதில் இருக்கிறது.

1655 ஏப்ரலில், அந்தப் பகுதியை ஆண்ட சவோய் ஆட்சியாளரின் படை வால்டென்சியர் வாழ்ந்த இந்தப் பள்ளத்தாக்குகளில் பெரும் படுகொலை நடத்தியது. செய்தி லண்டனை எட்டியதும், மன்னராட்சியை ஒழித்து அப்போது இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் நாடெங்கும் நிதி திரட்டச் சொன்னார். தானே 2,000 பவுண்டு கொடுத்தார். மொத்தம் சேர்ந்தது சுமார் 38,000 பவுண்டு. ஆனால் முழுத்தொகையும் மலைக்குப் போய்ச் சேரவில்லை. மன்னராட்சி திரும்பியதும், அபகரித்தவன் வைத்த கடனை நான் அடைப்பதா என்று இரண்டாம் சார்லஸ் மீதிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். நிதி திரட்டும் யாரும் மறக்கக் கூடாத கதை இது. எங்கள் வரவு செலவுக் கணக்கை நூலின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுகிறோம்.

அந்த ஊரில் ஒரு குகையும் உண்டு. தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும். உள்ளே போனால் பாறைப் பிளவு வழியாக மேலிருந்து வெளிச்சம் விழும். ஒடுக்குமுறைக் காலத்தில் மறைந்து வழிபட்ட இடம் என்பார்கள். இதற்கு ஆவணச் சான்று இல்லாததால், நூலில் செவிவழிச் செய்தி என்றே குறித்திருக்கிறோம். சுவையான கதை என்பதற்காக அதை வரலாறாக்கிவிட முடியாது அல்லவா?

1848 பிப்ரவரி 17 அன்று அந்தப் பகுதியை ஆண்ட மன்னர் கார்லோ அல்பெர்த்தோ வால்டென்சியருக்குக் குடிமை உரிமைகளை அளித்தார். இன்றும் அதற்கு முந்தைய நாள் இரவு மலையெங்கும் சொக்கப்பனை எரியும். வாட்டர்லூ போரில் ஒரு காலை இழந்த ஆங்கிலேயர் பெக்வித் இந்தப் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பள்ளிகள் எழ உதவினார். அங்ரோஞ்ஞாவில் ஒற்றை அறைப் பள்ளி ஒன்று இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பிழைப்புத் தேடி உருகுவே போனவர்களின் கதைக்கு நூலில் தனி அத்தியாயமே உண்டு.

முதலில் 300 படிகள் அச்சிட எண்ணம். பாதியை ஊர்ப்புற நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இலவசமாக அனுப்புவோம். மீதியை அடக்க விலைக்கு விற்போம். நூறு ரூபாயானாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். ஐந்நூறும் அதற்கு மேலும் தருவோருக்கு ஒரு படி வீடு தேடி வரும். பெயர் வெளியிட விருப்பமில்லாதவர்கள் பணம் அனுப்பும்போதே ஒரு வரி சொல்லிவிடுங்கள். பணத்தைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் வரையத் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதில் உழைப்பைத் தந்தாலும் சரி. பள்ளத்தாக்கின் படம் ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது.

இங்ஙனம்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்