காலி நகரத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு தாளக் கணக்கு

காலி, கொலம்பியா
ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிறு வீடியோவில் பேசியபோது, "பின்னால் என்ன கூட்டம், வயசானவங்க எல்லாம் எதுக்கு ஆடுறாங்க?" என்று கேட்டீர்கள். நான் கத்திச் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா காதோடு வந்து சொல்லியும் பிடிபடவில்லை. நாற்பது வருஷம் தவிலுக்குப் பக்கத்திலேயே இருந்த காது அல்லவா. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்த விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் பார்த்தது கல்யாணமும் இல்லை, விசேஷமும் இல்லை. வெறும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வயதானவர்கள் ஆடுவதற்கென்றே இங்கே கூடங்கள் இருக்கின்றன. வியெஹோதேகா என்று பெயர். என் வீட்டுக்கார அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு 74 வயது. மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுபவர். சனிக்கிழமை ராத்திரியே பாவாடையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்துவிடுவார். அங்கே போனதும் பாட்டு ஆரம்பித்தது, எழுந்தார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் உட்காரவே இல்லை.

அங்கே மேடை இல்லை அப்பா. பாடுவது பழைய இசைத்தட்டுதான். ஆனால் சிலர் வீட்டிலிருந்து மாட்டு மணி மாதிரி ஒரு இரும்பு மணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள். பாட்டு சூடு பிடித்ததும் ஒரு சிறு கழியால் அதைத் தட்டிக்கொண்டு தட்டோடு சேர்ந்துகொள்கிறார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடுவதுமில்லை, தடுப்பதுமில்லை. அவர்களில் ஒருவர் கணக்கு ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. வெள்ளைச் சட்டை, கறுப்பும் வெள்ளையும் கலந்த ஷூ, எண்பது வயதிருக்கும். அவர் தலையசைப்பைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

ஆடுவது சால்சா. சால்சா என்றால் ஸ்பானிஷில் குழம்பு. பெயருக்கு ஏற்ற மாதிரி பல ஊர்ச் சரக்கு அதில் சேர்ந்திருக்கிறது. வேர் கியூபாவின் கிழக்குப் பக்கத்தில் பிறந்த சோன் என்ற பாட்டு முறை. அது நியூயார்க் போய், அங்கே குடியேறியிருந்த போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கையில் ஜாஸும் டிராம்போனும் சேர்ந்து வேறு உருவம் எடுத்தது. 1964-ல் ஜானி பச்சேகோ என்ற டொமினிக்கன் இசைக்காரரும் ஜெர்ரி மசூச்சி என்ற வக்கீலும் அங்கே ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சால்சா என்ற பெயர் உலகமெல்லாம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. புவெனவென்துரா துறைமுகத்தில் இறங்கிய கப்பல்காரர்கள் கொண்டுவந்த தட்டுகள்தான் காலிக்கு வந்து சேர்ந்தன என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தத் தட்டுகளை இந்த ஊர் என்ன செய்தது தெரியுமா? நிமிஷத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டியதை 45-ல் ஓட விட்டார்கள். 1960-களில் வந்த பாட்டுகள் இவர்கள் காலுக்குப் போதவில்லை! அந்த வேகத்தில் ஆடி ஆடியே காலிக்கென்று ஒரு பாணி அமைந்துவிட்டது. இடுப்புக்கு மேலே அலட்டல் கிடையாது, காலில் மட்டும் பொறி பறக்கும். மூன்றாம் காலத்தில் நீங்கள் வாசிக்கும்போது முகம் அமைதியாக இருக்க விரல்கள் மட்டும் ஓடுமே, அப்படி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த இசை முழுவதற்கும் அடியில் கிளாவே என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சூட்சுமம் என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டு சின்ன உருட்டுக் கட்டைகள்தான் வாத்தியம். ஒன்றை உள்ளங்கைக் குழிவில் வைத்துக்கொண்டு மற்றதால் தட்ட வேண்டும். கட்டை இல்லாததால் வீட்டுக்கார அம்மா சமையலறை மேஜையில் இரண்டு மரக்கரண்டியை எடுத்துத் தட்டிக் காட்டினார். எனக்கு நான்கு நாள் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள் ஆலைக்குப் போகும் பஸ்ஸில் நீங்கள் சிறுவயதில் சொல்லிக் கொடுத்த மாதிரி வாயால் சொல்லிப் பார்த்தேன். பட்டென்று உட்கார்ந்துவிட்டது.

எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை, மொத்தம் 16. அதற்குள் ஐந்தே அடி.

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டுங்கள். முதல் பாதியில் மூன்று அடி, அடுத்த பாதியில் இரண்டு. இதில் இரண்டாவது அடி மட்டும் எண்ணிக்கையின் மேல் விழாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அரை இடத்தில் விழும். மற்ற நான்கும் நேராக நிற்க, அந்த ஒன்று சற்று விலகி நிற்பதால்தான் பாட்டுக்கே உயிர் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடுகிறவர்கள் நான்கிலும் எட்டிலும் அடி எடுத்து வைப்பதில்லை. அவர்கள் நிறுத்தும் நான்கில் கட்டை பேசும். சில பாட்டில் பாதிகள் இடம் மாறி, இரண்டு அடி முன்னால் வரும். எப்படி வந்தாலும் பாட்டு முடியும்வரை கணக்கு மாறக் கூடாது. பாடுகிறவர், பியானோ, டிரம்பெட், காங்கா மேளம் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். தாளம் போடுகிறவரை நம்பி நீங்களும் நாயனமும் போவது போலத்தான்.

மெரெங்கே என்று இன்னொன்று, டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தது. ஆட எளிது, இடது வலது என்று நடந்தால் போதும். அதில் தம்போரா என்ற மேளத்தைப் பார்த்து அசந்துபோனேன். மடியில் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் கோலால், மறு பக்கம் வெறுங்கையால் வாசிக்கிறார்கள். தவிலுக்குப் போல விரலில் கூடு மாட்டுவதில்லை, அளவும் தவிலைவிடச் சின்னது. ஆனால் உட்காரும் விதம், கோல் ஓங்கும் விதம் எல்லாம் நம்ம வீட்டுத் திண்ணையில் பார்த்ததுதான்.

பச்சாத்தாவும் அந்த நாட்டுச் சரக்குதான். கிட்டாரில் ஏக்கத்தைச் சொல்லும் பாட்டு. 1962-ல் முதல் பதிவு வந்தும், குடிகாரர்கள் கேட்பது என்று பெரிய வீடுகளில் ரொம்ப நாள் சேர்க்கவில்லை. 2019-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏழைகளின் பாட்டுக்கு மரியாதை கிடைக்க எத்தனை காலம் ஆகிறது, எந்த நாட்டிலும்!

ஆகஸ்டில் பெத்ரோனியோ அல்வாரெஸ் விழாவுக்குப் போயிருந்தேன். பசிபிக் கடற்கரைக் கறுப்பின மக்களின் இசை. சொந்தா என்ற பனை வகையில் செதுக்கிய கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பா, கையால் அடிக்கும் குனூனோ மேளம், கோலால் அடிக்கும் பொம்போ மேளம், மூங்கில் குழாயில் விதை போட்டுக் குலுக்கும் குவாசா. குர்ருலாவ் என்ற ஆட்டத்துக்கு வாசித்தார்கள். நெஞ்சுக்கூட்டில் பொம்போ அதிர்ந்தபோது, நீங்கள் இதை உடம்பாலேயே கேட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை செய்யும் பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு. கரும்பு வயலுக்குத் தீ வைக்கும் நாட்களில் கரிச்சாம்பல் துணிகாயும் கொடிவரை பறந்து வரும். இங்கே அந்தக் காலத்துப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1851-ல்தான் வந்தது. இவர்கள் கையில் வேறு எதையும் விடவில்லை. தாளத்தை மட்டும் பிடுங்க முடியவில்லை.

டிசம்பர் 25 முதல் 30 வரை ஊர்த் திருவிழா. 1956 ஆகஸ்டில் வெடிமருந்து ஏற்றிய ராணுவ லாரிகள் வெடித்து ஊரில் ஒரு பகுதியே அழிந்துபோனது. மறு வருஷம், துக்கத்திலிருந்து ஊரை எழுப்ப இந்தத் திருவிழாவைத் தொடங்கினார்களாம். முதல் நாள் நடனப் பள்ளிக்காரர்கள் சாலையில் அணிவகுத்து ஆடிக்கொண்டே போகிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கைக்குழந்தையின் காலைப் பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஊர்த் தேர் அன்று தோளில் உட்கார வைத்து, என் முழங்காலில் நீங்கள் தட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நீங்கள் கூப்பிட்டு உட்கார வைத்த நாட்களில் நான் பரீட்சை என்று எழுந்து போனேன் அப்பா. அது இப்போது உறுத்துகிறது. சொன்ன பாடத்தில் நாலு சொல் மிச்சம் இருந்ததால்தான் இங்கே இவர்களோடு என்னால் நிற்க முடிகிறது.

அந்த ஐந்து அடியைத் தொடையில் தட்டிப் பாருங்கள். பிறகு தவிலில் வாசித்து, கடைசியில் நீங்களே ஒரு தீர்மானம் வைத்து முடியுங்கள். அக்காவை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தினமும் "வந்ததா?" என்று கேட்கிறார். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள். அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்