அந்தப் பதிமூன்றரை லட்சம்

அன்பு மக்கா,

உன் மெயில் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது, எழுத உட்கார்ந்தால் கரண்ட் போய்விடுகிறது. பெரியவளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் நேந்திரங்காய் சிப்ஸை விடுவதாக இல்லை. சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

மதத்தையும் அரசியலையும் பிரித்துவைக்க உங்களுக்கு ஏன் இன்னும் முடியவில்லை, பிரான்சில் 1905-லேயே சட்டம் போட்டு முடித்துவிட்டார்களே என்று கேட்டிருந்தாய். இதை நீ ஸ்டிராஸ்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு கேட்டதுதான் வேடிக்கை. அந்தச் சட்டம் பிரான்சில் செல்லுபடியாகாத இடங்களில் உன் ஊரும் ஒன்று, தெரியுமா? 1905-ல் அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பி வந்தபோது, நெப்போலியன் 1801-ல் போப்பாண்டவரோடு போட்ட ஒப்பந்தமே அங்கே தொடரட்டும் என்று விட்டுவிட்டார்கள், இன்றைக்கும் தொடர்கிறது. நீ பூசைக்குப் போகிற கோயில் பாதிரியாருக்கும், லூத்தரன் போதகருக்கும், யூத ரபிக்கும் அரசாங்கம்தான் சம்பளம் போடுகிறது. உன் பிஷப்பை முறைப்படி நியமிப்பது பிரெஞ்சு குடியரசுத் தலைவர். பிரிவினைக்கு உதாரணம் காட்டுகிற நாட்டிலேயே ஒரு மூலை இப்படி இருக்கிறது என்றால், நாம் எம்மாத்திரம் சொல்லு.

நம் கன்னியாகுமரி மாவட்டக் கதையோ இன்னும் சிக்கல். அரசியல் சட்டத்தில் 290-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, படித்திருக்க மாட்டாய், வக்கீல்களே பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். திருவிதாங்கூரிலிருந்து 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த பகுதியில் இருக்கிற இந்துக் கோயில்களின் பராமரிப்புக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டும், கேரளம் தன் பங்குக்குத் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு, அதாவது கோயில் நிர்வாகத்துக்கு, 46.5 லட்சம் கொடுக்க வேண்டும் என்று தொகையோடு எழுதி வைத்திருக்கிறது. சட்டசபை அதை ஓட்டுக்கு விட்டு வெட்ட முடியாது. 'மதச்சார்பற்ற' என்று முகப்புரையில் இருக்கிற அதே புத்தகத்தில்தான் இதுவும் இருக்கிறது.

முதல்முறை கேட்கிற யாரும், குறிப்பாக உன்னைப் போல ஞானஸ்நானம் வாங்கியவர்கள், 'எங்கள் வரிப்பணத்தில் உங்கள் கோயிலுக்குப் படியளப்பா' என்று கொதிப்பார்கள். நிதானமாகக் கேள். கர்னல் மன்றோ 1810-ல் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, ரெசிடெண்டாக வந்தார், அடுத்த வருஷமே ராஜாவின் திவான் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். கஜானா காலி, கம்பெனிக்குக் கப்பம் பாக்கி. நூற்றுக்கணக்கான கோயில்களை அவற்றின் நிலங்களோடு அரசாங்கத்தில் சேர்த்துக்கொண்டார். கோயில் வயல்களின் பாட்டம், அதாவது குத்தகை, அரசு வருமானமானது, பூசைச் செலவு அரசு செலவானது. ஆகவே இந்த 13.5 லட்சத்தைத் தானம் என்று நான் நினைக்கவில்லை, விழுங்கிய நிலத்துக்கு வருஷாவருஷம் கட்டுகிற பாக்கி அது. கணக்குப் பார்த்தால் ரொம்பக் குறைந்த பாக்கி. பிரிக்க வேண்டும் என்றால் முதலில் இந்த நிலக்கணக்கைத் தீர்க்க வேண்டும். இருநூறு வருஷத்தில் கை மாறி, வீடாகி, ரோடாகி, பள்ளிக்கூடமாகிப் போன நிலத்தை யார் யாரிடமிருந்து பிடுங்கித் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் பக்கமும் சுத்தம் இல்லை மக்கா. கோயில் நிலத்தை எடுத்த அதே மன்றோதான் மிஷனரிகளுக்குக் கை கொடுத்தவர். 1818-ல் மீட் ஐயர் என்ற வெள்ளைக்கார மிஷனரி நாகர்கோவிலுக்கு வந்ததும் அவரையே இங்கே சிவில் நீதிபதியாகப் போட்டார்கள். காலையில் பிரசங்கம், மத்தியானம் தீர்ப்பு! ஒரு வருஷம்போலத்தான் இருந்தார் என்றாலும், புதிதாகச் சபையில் சேர்ந்த ஏழை சனத்துக்கு அது என்ன சேதி சொல்லியிருக்கும், எதிர்த்தரப்புக்கு என்ன சேதி சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்.

அதற்கும் முன்னே போனால் 1750-ல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாமியின் தாசனாக நின்று ஆண்டார். அதன்பிறகு ராஜாவை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பது என்று ஆனது. இந்த ராஜதந்திரத்தை நான் ரசிக்கிறேன், ஆனால் அடி வாங்கியவர்களை நினைத்தால் ரசனை நின்றுபோகிறது.

ஏனென்றால் அந்தச் சாமியின் அரசாங்கம்தான் நம் பாட்டிமாரின் பாட்டிமார் தோள்சீலை போடக் கூடாது என்று சொன்னது. 1859-ல் சபைக் கட்டடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்து, சென்னையிலிருந்து கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகுதான் மேலாடை போடலாம் என்று உத்தரவு வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால். இதில் எது மதம், எது அரசியல் என்று நீ கத்தி வைத்துக் கீறிக் காட்டு பார்க்கலாம். தலையில் துண்டு கட்ட உரிமை இல்லாத சனத்தைப் பார்த்து, சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர், சாமி கும்பிட வரும்போது தலைப்பாகை கட்டிக்கொண்டு வா என்றார். ராஜாவை நீசன் என்றார், திருவனந்தபுரத்தில் சிறைவாசமும் அனுபவித்தார். இன்றைக்கும் சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள். அது பக்தியா, கலகமா என்று கேட்டால் அங்கே இருக்கிற பெரியவர் உன்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

1926-ல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கச் சத்தியாகிரகம் செய்தார்கள். வைக்கத்தில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, பெரியார் அங்கே போய் ஜெயிலுக்குப் போன கதை உனக்குத் தெரியும். 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் ராஜா ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது. ராஜாவுக்குத் திடீரென்று கருணை பிறந்ததும் காரணமாக இருக்கலாம், ஆனால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஈழவர் சாதியார் மொத்தமாக மதம் மாறிவிடுவார்களோ என்ற பயம் அரண்மனையில் இருந்தது என்பதையும் மறக்காதே. அரசியல் கோயிலுக்குள் வரக்கூடாது என்று நியாயம் பேசிக்கொண்டு அரசு ஒதுங்கி நின்றிருந்தால் என் தாத்தா வெளியில் நின்றே கும்பிட்டுச் செத்திருப்பார். கோயிலில் அரசியல் வேண்டாம் என்று இப்போது பேசுகிறவர்களைக் கவனித்துப் பார், பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே நிற்கிறவர்கள்.

அதனால் எனக்குப் பிரிப்பதா, கலப்பதா என்பதில் பெரிய ஆர்வம் இல்லை. அரசு உள்ளே வந்தது யாருக்காக என்றுதான் பார்க்கிறேன். பூட்டிய கதவைத் திறக்க வந்ததா, திறந்த கதவைப் பூட்ட வந்ததா, இல்லை உண்டியல் பக்கம் வந்ததா? மூன்றாவதைப் பற்றி எனக்கும் ஆவலாதி உண்டு. இந்த மாவட்டத்தில் அறநிலையத்துறையின் கீழ் 490 கோயில்கள் என்கிறார்கள், பாதிக் கோயில்களில் ஒரு வேளை விளக்குக்கு எண்ணெய் இருப்பதே பெரிது. அறங்காவலர் பதவி ஆளுங்கட்சிக்காரனுக்குப் போகிறது, எந்தக் கட்சி வந்தாலும். அதைச் சொன்னால் உடனே, அரசே கோயிலை விட்டு வெளியேறு என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. வெளியேறி யாரிடம் கொடுக்க? கோயிலை ஆண்ட பழைய நிர்வாகக் குழுவினரான யோகக்காரர்களிடமா? அவர்கள் காலத்தில் கோயில் நிர்வாகம் அரசியல் இல்லாமலா இருந்தது, எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பெருநிலக்காரர்களும் ராஜாவும் வெட்டிக்கொண்டதே அதிலும்தானே.

இனி எனக்கு வயிறு எரிகிற இடம். 1982 மண்டைக்காடு கலவரம். நாம் அப்போது கல்லூரியில் இருந்தோம், நீயும் நானும் ஒரே பஸ்ஸில் போவதற்கு வீட்டில் பயந்தார்கள். கொடைவிழா நேரத்தில் கடற்கரையில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் ஆரம்பித்த தகராறு, போலீஸ் துப்பாக்கிச் சூடு, மீனவர்கள் செத்தார்கள், அப்புறம் ஊர் ஊராகப் பரவியது. குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்தார். ஒரு மடாதிபதி செய்த அந்த வேலையை மத வேலை என்பாயா, அரசியல் வேலை என்பாயா? ஆனால் பயத்தை அறுவடை செய்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு பா.ஜ.க.வின் முதல் எம்.எல்.ஏ. 1996-ல் நம் பத்மநாபபுரத்திலிருந்துதான் போனார், அதற்கு மண்டைக்காடுதான் விதை என்பது என் அபிப்பிராயம். மற்ற கட்சிகள் மட்டும் யோக்கியமா? எந்தத் தொகுதியில் எந்தச் சபைக்காரருக்கு சீட், எங்கே இந்து நாடார், எங்கே மீனவர் என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து நாலுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. இங்கே மேடையில் யாரும் கேட்பதில்லைதான். கொடைவிழா வாழ்த்து பேனரிலும் கிறிஸ்துமஸ் கேக்கிலும் கேட்டுவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பையன், பிளஸ் டூவில் நல்ல மார்க். பறையர் சாதி, குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் சபையில் சேர்ந்தது. 1950-ன் ஜனாதிபதி உத்தரவுப்படி பட்டியல் சாதிச் சான்றிதழ் இந்துவுக்குத்தான், 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. இவனுக்கு பி.சி., அதாவது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். கல்லறைத் தோட்டத்தில் சபைக்காரர்கள் இவர்களுக்குத் தனி மூலை ஒதுக்கியிருக்கிறார்கள், தாலுகா ஆபீஸ் மதம் மாறியதும் சாதி போய்விட்டது என்கிறது. அரசாங்கம் மதத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்கிறாயே, முதலில் அந்த விண்ணப்பத்தில் இருக்கிற மதம் என்ற கட்டத்தை எடுக்கச் சொல்வாயா, அல்லது உன் ஆயரிடம் அந்தக் கல்லறைச் சுவரை இடிக்கச் சொல்வாயா? நான் இரண்டும் வேண்டும் என்கிறேன், இரண்டுக்கும் இங்கே ஆள் இல்லை. உன் எண்ணத்தைச் சுற்றி வளைக்காமல் எழுது.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வருகிறாய் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் சொல்லிவிடு. டிசம்பர் 3-ம் தேதி கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டுவிடுவார், தாலுகா ஆபீஸில் ஈ காக்கா இருக்காது, ஆகவே உன் அப்பா பேரில் கிடக்கிற பட்டா வேலைக்கு அதற்கு முன்னாலேயே ஒரு நாள் வைத்துக்கொள்வோம். வீட்டம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி