பேரேட்டில் எழுதியிருந்த காய்ச்சல்

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
8-3-2026, ஞாயிறு.

அன்பு மகளுக்கு,

உன் ஆத்தா எழுதிக்கொள்வது. வாரத்தில் நாலு நாள் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கக்கூடும். பேசும்போது இங்கே அப்பத்தா இருக்கிறார்கள், அப்பச்சி (உன் அப்பா) இருக்கிறார்கள். அங்கே சிங்கப்பூரில் உன் அறைத்தோழி இருக்கிறாள். சாப்பாடு, தூக்கம், மழை என்று பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றைப் பதினெட்டு நாளாகக் கேட்காமல் வைத்திருக்கிறேன். நாளை மறுபடியும் பொதுத்தேர்வுப் பணி தொடங்கிவிடும் என்பதால் இன்றே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 18ஆம் தேதி இரவு 8.40 மணிக்கு, பிளஸ் டூ திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. வெளிநாட்டுச் செலவுக்கு வாங்கிய உன் ஃபாரெக்ஸ் கார்டுக்கு என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ஏதோ ஒரு கிளினிக்கின் பெயர், அதன் எதிரே 62 டாலர் 40 சென்ட். அங்கே அப்போது மணி 11.10. சீனப் புத்தாண்டு விடுமுறை, விடுதிக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன என்று அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். மறுநாள் மாலை அழைத்தபோது, "நல்லா இருக்கேன் ஆத்தா, நேத்து சீக்கிரமே தூங்கிட்டேன்" என்றாய். குரல் கம்மியிருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நானும் ஏசியாகத்தான் இருக்கும் என்று சொல்லி போனை வைத்தேன். அன்று இரவு தாள்களில் எத்தனை கூட்டல் பிழை விட்டேனோ, மறுநாள் எல்லாவற்றையும் திரும்பக் கூட்ட வேண்டியிருந்தது.

உன்மேல் கோபமில்லை. ஆனால் இந்த வீட்டில் இது முதல் தடவையும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ போன மாதம் மார்க்கெட் ஸ்ட்ரீட் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பினாய் அல்லவா? உன் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம்தான் என்றும், அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தாய். உன் ஐயாவின் அப்பச்சி, அதாவது உன் அப்பாவின் தாத்தாவான பாட்டையா, 1936இல் பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து சேர்ந்தது அந்தத் தெருவுக்குத்தான். அங்கே இருந்த கிட்டங்கிகளை, அதாவது நம்மவர்களின் வட்டிக்கடைக் கூடங்களை, 1970களில் இடித்துவிட்டார்கள். நீளமான கூடம், இருபுறமும் சுவரோரமாக வரிசையாய்ப் பெட்டிகள். ஒரு பெட்டியும் அதன் முன்னே விரித்த பாயும் ஒரு மார்க்கா, அதாவது ஒரு கடை. பகலில் வட்டிக்கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. பாட்டையா போனது பெட்டியடிப் பையனாக. விடியுமுன் எழுந்து கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது, மையும் பேனாவும் தயார் செய்வது, முதலாளி கொடுத்த சீட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைவது, இரவில் மற்றவர்கள் படுத்த பிறகு மாகாணி என்னும் பின்ன வாய்பாடும் வட்டிக் கணக்கும் படிப்பது. மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடிந்து ஊருக்கு வந்து, 1940இல் கல்யாணம் முடித்துத் திரும்பிப் போனபோது அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த உதவியாளராக உயர்ந்திருந்தார்கள்.

இன்டர்ன்ஷிப் என்ற சொல்லை நீ முதலில் சொன்னபோது அப்பத்தா பொருள் கேட்டார்கள். பெட்டியடிப் பையன் வேலைதான் என்று நான் சொன்னதற்கு நீ முகம் சுளித்தாய். நான் கேலியாகச் சொல்லவில்லை. தொழிலுக்காகக் கடல் கடந்து போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான பயணமாக இருந்தது. பெண்கள் முகப்பிலிருந்து வழியனுப்பிவிட்டு, மூன்று வருஷம் வீட்டையும் வயலையும் கொடுக்கல் வாங்கலையும் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டிலிருந்து கொண்டுவிக்கப் போன முதல் பெண் நீ. திருச்சி விமான நிலையத்தில் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, இவ்வளவு சின்ன டிராலிப் பெட்டியில் என்ன அடங்கிவிடும் என்று அப்பத்தா புதுக்கோட்டை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாங்கட்டு மேல் அறையில் தேக்குப் பெட்டி ஒன்று உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதைத் திறந்தேன். பாட்டையா ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு, அவர்களுடைய சொந்தப் பற்றுவரவு நோட்டு ஒன்று, மஞ்சள் துணியில் சுற்றியபடி இருந்தன. வணிகவியல் ஆசிரியைக்கு நோட்டைத் திறக்காமல் இருக்க முடியுமா? முழுக்கத் தமிழ் எண்கள். முதலில் திணறினேன், நாலு பக்கம் போனதும் பழகிவிட்டது. டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே தமிழ்ச் செய்திகளில் இன்றும் வெள்ளி என்றே வருவதாக நீ சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

விஷு வருஷம் ஐப்பசி மாதம், ஆங்கிலக் கணக்கில் 1941 அக்டோபர் கடைசி. கடிதம் இப்படித் தொடங்குகிறது: இவ்விடம் சேமம், அவ்விடம் சேமத்துக்கு எழுதவும். பிறகு வயல் குத்தகை, தம்பி படிப்பு, நகரக் கோயில் மகமை. கடைசியிலும் ஒருமுறை சேமம். அதே ஐப்பசியில் நோட்டைப் புரட்டினால் பற்றுப் பக்கத்தில் வரிசையாக இருக்கிறது: டாக்டர் பீசு 2 வெள்ளி. மருந்து 1 வெள்ளி 20 காசு. ரிக்‌ஷா கூலி. கூவைக்கிழங்கு மாவு. மறுபடியும் டாக்டர் பீசு. ஒன்பது நாள் அப்படி. அந்த ஒன்பது நாளில் வேறு செலவே இல்லை. வெற்றிலை பாக்குக்குக்கூட ஒரு காசு எழுதவில்லை. அதாவது எழுந்து நடமாடவில்லை. சேமம் என்று எழுதிய கடிதத்தின் தேதி அதில் ஆறாவது நாள்.

ஏன் நோட்டில் மட்டும் உண்மை இருந்தது என்றால், கடையில் சொந்தச் செலவுக்கு எடுத்த ஒவ்வொரு காசும் சம்பளத்தில் கழியும். மூன்று வருஷம் முடியும்போது கணக்கு நேராக வேண்டும், இருப்புக் கணக்கான ஐந்தொகை ஒரு காசு இடித்தாலும் விடமாட்டார்கள். எனவே காய்ச்சலை நோட்டுக்குச் சொன்னார்கள், வீட்டுக்குச் சொல்லவில்லை.

அது சின்ன விஷயமாகவே போயிருக்கும். ஆனால் அந்த டிசம்பரில் போர் வந்துவிட்டது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. கடிதம் நின்றுவிட்டது. 1946இல் ஆள் வந்து இறங்கும் வரைக்கும் வீட்டுக்குக் கடைசியாக வந்திருந்தது அந்த ஐப்பசிக் கடிதம்தான். அப்பத்தா தன் மாமியார் சொல்லக் கேட்டதை எனக்குச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை அவர்கள் எத்தனையோ தடவை எடுத்துப் படித்தார்களாம். படித்துப் படித்து, சேமம் என்ற சொல்லில் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டதாம். இருந்தபோதும் அதைத்தான் எழுதினார், இல்லாதபோதும் அதைத்தான் எழுதியிருப்பார் என்று சொல்வார்களாம். பாட்டையா திரும்பி வந்த பிறகு நோட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லையாம். நாலு வருஷத்துக்கு மேல் தகவலே இல்லாமல் இருந்து வந்த மனிதரோடு!

எட்டு நாற்பதுக்கு வந்த அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பற்றுப் பக்கம்தான் கண்ணில் வந்தது.

உன் அலுவலகத்தில் நடந்ததை நீயே சொன்னாய், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாய். சரக்குக் காப்பீட்டுக் கோரிக்கைகளில், கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள மூட்டை எண்ணிக்கையையும் இன்வாய்ஸில் உள்ளதையும் எக்ஸெலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று முதல் மாதம் புலம்பினாய். பிறகு ஒரு கோரிக்கையில் நாற்பது மூட்டை இடிப்பதைக் கண்டுபிடித்தாய். கண்டுபிடித்தும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. உன் மேலாளர் அம்மா இரண்டு நாள் கழித்துத் தானே அதைப் பார்த்து, தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். என் ஆங்கிலம் அவர்களுடையதுபோல வேகமாக இல்லை, நான் புரிந்துகொண்டதுதான் தப்போ என்று நினைத்தேன் என்று காரணம் சொன்னாய். வேலையில் குறை சொல்லவில்லை, பேசாமல் இருந்ததைத்தான் கேட்டிருக்கிறார் என்பதைக் கவனி. எண் இடிக்கிறது என்று சொல்ல வேகமான ஆங்கிலம் வேண்டாம். தாளைக் காட்டி, இது 400, இது 360 என்றால் போதும். நாற்பது மூட்டையை மறைத்ததும் காய்ச்சலை மறைத்ததும் ஒரே பிள்ளைதான்; அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

ஜனவரி 22ஆம் தேதி அப்பத்தா வளவுப் படியில் சறுக்கி விழுந்தார்கள். ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் இருந்தது, அதில் காலை வைத்தார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், காரைக்குடியில் கட்டுப் போட்டு ஐந்து வாரம் இருந்தது. நீ போய்ப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை, பிள்ளை கலங்குவாள், சொல்லாதே என்று அவர்களே சொன்னார்கள். காணொளியில் அப்பத்தா எப்போதும் சால்வை போர்த்தியிருந்ததும், கேமரா கழுத்துக்குக் கீழே இறங்காததும் அதனால்தான். தைப்பூசத்துக்கு அப்பச்சி வழக்கம்போலப் பழனிக்கு நடந்து போகவில்லை. குன்றக்குடியில் காவடிகளை வழியனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நீ அந்த வாரம் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் இருந்து செட்டிப் பூசத்து வெள்ளி ரதத்தைக் காட்டினாய், அப்பச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். நடந்து களைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாயாம். போன வாரம் கட்டைப் பிரித்தாயிற்று. விரல்கள் முழுதாக மடங்கவில்லை, ஆனால் நேற்று தேன்குழல் அச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். பிழிய முடியவில்லை, எனக்குப் பிழியச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அது இன்னும் கஷ்டம்.

ஆகையால் என் பக்கக் கணக்கு நேர். இனி உன் பக்கம்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்டு விவரத்தைப் பார்த்ததில் பிப்ரவரியில் பல நாள் மதியத்துக்குச் செலவே இல்லை. ஐந்து டாலர் சாப்பாட்டை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, இந்தக் காசுக்குக் காரைக்குடியில் நாலு பேர் சாப்பிடலாமே என்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். கல்விக் கடன் வாங்க வங்கிக்கு நாலு தடவை நடந்தவள் நான். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தாள் கேட்டார்கள். அந்த அலைச்சலை உன் எதிரில் சொல்லிப் புலம்பியது என் தப்புதான். வரவு டாலரில் வரும்போது செலவையும் டாலரிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர்கள் கொடுக்கும் உதவித்தொகை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் எம்ஆர்டி ரயில் கட்டணத்துக்கும் தாராளமாகக் காணும், நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். மதியம் சோறு சாப்பிடு.

மே மாதம் முதல் வாரம் உன் இன்டர்ன்ஷிப் முடிகிறது. இன்னும் எட்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அரைப் பக்கம் எழுது. இடப்பக்கம் நன்றாக நடந்தது, வலப்பக்கம் நடக்காதது. எது பற்று எது வரவு என்று நான் பார்த்துக்கொள்கிறேன். படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். கூட்டத்தில் பேசினாயா, பேசவில்லையா, யாரோடு மனத்தாங்கல், எந்த நாள் அழுகை வந்தது, எல்லாம் வேண்டும். பதிலுக்கு நானும் எழுதுவேன். அடுத்த வாரக் கடிதத்தில் முகப்பு ஓட்டில் ஒழுகும் இடம், அப்பச்சியின் சர்க்கரை அளவு, எனக்கு வந்திருக்கும் மூட்டுவலி மூன்றும் வரும், தயாராக இரு.

அப்பத்தா ஒன்று கேட்கச் சொன்னார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டை இரவு பத்து மணிக்கு மேல், கடைசி ஆளும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு படம் எடுக்க முடியுமா? ஆள் இல்லாத தெருவைப் பார்க்க வேண்டுமாம். தனியாகப் போகாதே, அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு மகிழம்பூ முறுக்கு பிடித்திருக்கிறது என்றாயே, அடுத்து யாராவது திருச்சியிலிருந்து வரும்போது ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன்.

இன்று காலை உன் கார்டில் 150 டாலர் ஏற்றியிருக்கிறேன். வேண்டுமானால் எஸ்எம்எஸ்ஸை உன் எண்ணுக்கு மாற்றித் தருவதாக வங்கியில் சொன்னார்கள். வேண்டாம், அது எனக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் ஆத்தா